நான் டேப் சுற்றிய போர்டு

கல்யாண வீட்டில் பாட்டு நன்றாக இருந்தால் டிஜேவைப் பாராட்டுவார்கள். பாட்டு நின்றால்தான் வயர் போட்டவன் என்று ஒருவன் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த வயர் போட்டவன் நான். பெயர் பீர் முகம்மது, இருப்பது தாராவியில். ஒன்பது வருடமாக நானும் செல்வமும் கூட்டாக டிஜே செட் நடத்துகிறோம். செல்வம் மேடையில் நின்று பாட்டுப் போடுவான். மண்டபத்து மெயினிலிருந்து அவனுடைய மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர், கலர் லைட் வரைக்கும் கரண்ட் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. எங்கள் பாஷையில் அதற்கு 'லைன் பார்ப்பது' என்று பெயர்.

சட்டைப்பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றபடியே பிரியாணி சாப்பிட்டுப் பழகிய சகோதரர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே, யாரையும் நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மண்டபத்து எலக்ட்ரீஷியனை நம்பமாட்டேன். சமையல்காரரை நம்பமாட்டேன். சுவரில் சும்மா இருக்கும் சுவிட்ச்கூட என்னைப் பார்த்து எதையோ மறைப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். இந்தக் குணத்தால் பல தடவை தப்பித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை இந்தக் குணத்தாலேயே மாட்டிக்கொண்டேன். அதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

ஒரு பர்சன்ட்

மாட்டுங்காவில் ஒரு அறுபதாம் கல்யாணம். காலையில் வாத்தியார், ஹோமம் எல்லாம் முடிந்து, மத்தியானம் பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். செல்வம் மூன்றாவது பாட்டைப் போட்டிருப்பான். பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லாம் செத்துவிட்டது. லைட் இல்லை, சத்தம் இல்லை. குதித்த பிள்ளைகள் கையைத் தூக்கினபடியே நின்றுவிட்டார்கள்.

எனக்கு உடனே மண்டபத்து எலக்ட்ரீஷியன் மேல் சந்தேகம். வந்ததிலிருந்தே அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காரணம் இல்லாமல் சிரிக்கிற எலக்ட்ரீஷியன் ஆபத்தானவர். மெயின் பாக்ஸ் வரைக்கும் ஓடினேன். எல்லாம் சரியாக இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தால், தூண் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மாமா உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பிளக் தரையில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் அவருடைய போன் சார்ஜர். நான் குனிந்து பிளக்கைக் கையில் எடுத்தேன். அவரே சொன்னார்: "பேட்டரி ஒரு பர்சன்ட்தான் இருந்துதுப்பா. நீங்க போட்டுண்டிருந்த பாட்டுக்கு, நின்னா யாரும் கோச்சுக்கமாட்டான்னு நெனச்சேன்."

பத்துச் சுற்று

அந்த மாமாவால்தான் நான் டேப்புக்கு வந்தேன். எலக்ட்ரிக் சாமான் கடைகள் நிறைந்த லோஹார் சாலில் பொருள் வாங்கி நானே ஒரு போர்டு செய்தேன். தடித்த இரும்புப் பெட்டி, ஆறு சாக்கெட், கரண்ட் இருந்தால் எரிகிற ஒரு சிவப்பு லைட். மெயினிலிருந்து வரும் நீள வயரின் நுனியில் ஒரு சாக்கெட்; போர்டின் பிளக் அதற்குள் போய் உட்காரும். அந்தச் சேரும் இடம்தான் எல்லோருக்கும் கை நீட்ட வசதியான இடம். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றினேன். இனி எந்த மாமாவும் பிடுங்க முடியாது.

மற்ற பிளக்குகளில் சுற்றும் டேப்பை ஒவ்வொரு புரோகிராம் முடிந்ததும் அறுத்துவிடுவேன். இதை மட்டும் அறுப்பதில்லை. அப்படியே சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன், அடுத்த இடத்தில் அப்படியே விரிப்பேன். டேப் கொஞ்சம் பிரிந்தால் மேலே இன்னும் இரண்டு சுற்று. செல்வத்தைக்கூடத் தொட விட்டதில்லை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அவன் சொன்னது: "ஏலே, கரண்ட் கொண்டு வந்துருக்கியா, கால் ஒடிஞ்சவனைக் கூட்டிட்டு வந்துருக்கியா?"

டபுள்

செம்பூரில் ஒரு மண்டபம். அங்கே மேனேஜர், வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன் எல்லாமே ஒரே ஆள்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். "ஏக்தம் பக்கா லைன் தம்பி, கண்ணை மூடிட்டுச் சொருகலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொருகச் சொல்கிறவர் முன்னால் நான் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொள்வேன். டெஸ்டரை ஒரு ஓட்டையில் வைத்தேன், எரிந்தது. இன்னொன்றில் வைத்தேன், அதிலும் எரிந்தது.

உங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம்தான் எரிய வேண்டும். இரண்டு பக்கமும் எரிந்தால் எங்கேயோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. அதில் ஆம்ப்ளிஃபயரைச் சொருகுவதும் கடலில் போடுவதும் ஒன்று. நான் வேறு லைன் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டேபிள் பேன் ஒன்றைத் தூக்கி வந்து சொருகிக் காட்டினார். பேன் சுற்றவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேன் கிடக்கட்டும் தம்பி. எல்லா மண்டபத்துலயும் ஒரு ஓட்டைலதான் கரண்ட் தருவாங்க, நான் ரெண்டுலயும் தரேன், அது உங்களுக்குக் கசக்குதா?"

ஜோர்

தாராவியில் கோயில் கொடை. திறந்த வெளி, ஜெனரேட்டர் லைன். ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் ஒரு அண்ணாச்சி. நல்ல மனிதர், ஆனால் மீட்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருநூற்று முப்பது வோல்ட் வைக்கச் சொன்னேன், வைத்தார். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டுக்கு இருநூற்று முப்பது. இரண்டாவது பாட்டுக்கு இருநூற்று நாற்பத்தைந்து. செல்வம் ஒரு குத்துப் பாட்டைப் போட்டதும் இருநூற்று எழுபதைத் தாண்டியது. பாய்ந்து போய் மெயினை அணைத்தேன். இரண்டு நிமிடம் விட்டிருந்தால் எங்கள் மிக்ஸர் புகைந்திருக்கும்.

ஜெனரேட்டர் பக்கம் போனால், அண்ணாச்சி எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கம்பியில் கை வைத்தபடி தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன காரியம் செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "பாட்டு ஜோரா போச்சுல்லா தம்பி, அதுக்குத் தக்கன நானும் வண்டியைக் கொஞ்சம் ஜோரா விட்டேன்."

சுருதி

முலுண்டில் ஒரு காலனியின் ஆண்டு விழா. காலனிக்காரர்களே மேடையேறிப் பாடுவார்கள். பின்னணி இசை எங்கள் லேப்டாப்பிலிருந்து. ஆரம்பத்திலிருந்தே ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். மைக்கைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். வயரைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். லிஃப்ட் மோட்டாரைச் சந்தேகப்பட்டு லிஃப்டையே நிறுத்தச் சொன்னேன். ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் படியேறிப் போகும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் டப்பென்று நின்றுவிட்டது. சார்ஜர் வழியாக வந்த எர்த் தொல்லை. எனக்கு ஒரே பெருமை. கைதட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன். முன்வரிசையில் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்தார்: "சுருதிப் பெட்டியை ஏன் நிறுத்திட்டேள்? அது ஒண்ணுதான் சரியா சேர்ந்துண்டிருந்தது."

ரசம்

இதுவரை சொன்னதெல்லாம் வெளியாட்கள் செய்தது. இனிமேல் சொல்லப்போவது வேறு மாதிரி. போன மழைக்காலம் முடிந்த பிறகு, செம்பூரில் ஒரு நிச்சயதார்த்தம். எல்லாம் சரியாக ஓடியது. நான் எப்போதும் பாட்டு ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் சாப்பிடப் போவேன். அதுவரை எதையும் நம்பாமல் போர்டு பக்கத்திலேயே நிற்பேன். அன்றும் அப்படித்தான் போனேன். இலையில் கூட்டு விழும்போது பாட்டு நின்றது. ஓடி வந்தேன். சிவப்பு லைட் அணைந்திருக்கிறது. போர்டை இப்படி அப்படி அசைத்தேன், ஒரு தட்டுத் தட்டினேன், வந்துவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இருநூற்று முப்பது, ஒரு வோல்ட் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

சமையல்கட்டில் எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்துச் சாப்பாட்டைச் சூடாக வைத்திருந்தார்கள். அந்த ஹீட்டர் பெரிய கள்ளன், எல்லாக் கரண்டையும் தின்றுவிடும். நேரே போய்ச் சமையல்காரரைப் பிடித்தேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஹீட்டரை ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் ஆச்சு பாய். உங்க சத்தத்துல என் ரசம்தான் பாத்திரத்தை விட்டுக் குதிக்குது, அதுக்கு நான் யார்கிட்டப் போய் கேக்க?"

தாணேக்காரர்

அடுத்தது தாராவியிலேயே ஒரு பிறந்தநாள். மறுபடியும் அதே கதை. ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. நான் சாப்பிடப் போனேன். நின்றது. ஓடி வந்து தட்டினேன், வந்தது. மீட்டரில் இருநூற்று முப்பது. இந்தத் தடவை மேடைக்குப் பக்கத்தில் ஒரு தெரியாத ஆள் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஹெட்போன். தாணேயில் ஒரு பெரிய ஈவென்ட் கம்பெனியின் ஆள் என்று விசாரித்ததில் தெரிந்தது.

இன்னொரு கம்பெனிக்காரன் எங்கள் போர்டு பக்கத்தில் நின்றால் நான் என்ன நினைப்பேன்? சட்டையைப் பிடிக்காத குறைதான். பிளக்கில் கை வைத்தாயா என்று கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "உங்க பிளக் எனக்கு எதுக்கு பாய்? எங்க கம்பெனிக்கு நல்ல டிஜே ஒருத்தர் வேணும், செல்வத்துக்கிட்டப் பேசிட்டிருக்கேன், அவரு உங்ககிட்டச் சொல்லலையா?"

பிரிட்ஜ்

செல்வம் என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் கணக்காகத் தெரிய ஆரம்பித்தது. நான் பக்கத்தில் இருக்கும்வரை நிற்பதில்லை. நான் நகர்ந்த பிறகுதான் நிற்கிறது. அப்போது போர்டு பக்கத்தில் இருப்பது யார்? செல்வம். கூட்டாளியின் லைன் சரியில்லை, அடிக்கடி நிற்கிறது என்று நாலு பேர் சொன்னால், பிரிந்து தாணேக்குப் போக அவனுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசினான். முன்னெல்லாம் என் எதிரிலேயேதான் பேசுவான்.

ஒன்பது வருட சிநேகிதனைச் சந்தேகப்படுவது சுகமான வேலை இல்லை. அவன் போனால் எனக்குத் தொழிலே இல்லை என்பது ஒரு பக்கம். அவன் இப்படிச் செய்வானா என்பதுதான் பெரிய வலி. என் வீட்டுக்காரி பாத்திமாவிடம் மட்டும் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு, "கிறுக்குப் புடிச்சிருக்கா ஒங்களுக்கு? ஒம்பது வருஷமா அவுக நம்ம வீட்டு பிரிட்ஜைக் கேக்காமலே தொறந்து தண்ணி குடிக்காவ, ஒரு நாளாச்சும் பிளக்கைப் புடுங்கிட்டுப் போனாவளா?" என்றாள்.

தங்கச்சி ரிசப்ஷன்

செல்வத்தின் தங்கை மகேஸ்வரிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் செம்பூரில் ரொம்ப காலமாக இருக்கும் ஆபீஸ் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிசப்ஷன். தங்கச்சிக்கு நான்தான் பாட்டுப் போடுவேன் என்று செல்வம் ஒற்றைக் காலில் நின்றான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மிக்ஸர் முன்னால் வந்து நின்றான். மகேஸ்வரி மேடையிலிருந்து, "பீர் அண்ணே, இன்னிக்கு மட்டும் நிக்காமப் பாத்துக்கோங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் காதுக்கும் விஷயம் போயிருக்கிறது.

நான் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். சொந்தத் தங்கச்சி ரிசப்ஷனில் செல்வம் பாட்டை நிறுத்தமாட்டான். ஆகவே இன்றைக்கு நிற்கவில்லை என்றால், மற்ற நாட்களில் நிறுத்தியது அவன்தான். நின்றுவிட்டால்? என்னை அவன் சொந்தபந்தம் முன்னால் அவமானப்படுத்த அவனே நிறுத்தினான் என்று அர்த்தம். இரண்டில் எது நடந்தாலும் குற்றவாளி செல்வம்தான் என்கிற மாதிரி கணக்குப் போட்டிருந்தேன். அப்போது அதில் எனக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. சாட்சிக்கு என் பழைய போனை லைட் ஸ்டாண்டில் அலங்காரத் துணிக்குப் பின்னால் கட்டி, இடுக்கு வழியாகச் செல்வமும் போர்டும் தெரிகிற மாதிரி வீடியோ ஓட விட்டேன். கையும் களவுமாகப் பிடித்தால் போர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது, கூட்டு அன்றோடு முடிந்தது என்று முடிவும் செய்திருந்தேன். ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு, வேண்டுமென்றே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, "சாப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பாயசம் வருவதற்குள் நின்றுவிட்டது. ஓடி வந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் ஆடிய காலோடு நிற்கிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். போர்டைத் தட்டினேன், வரவில்லை. இரண்டு தட்டு, மூன்று தட்டு, ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை மட்டும் லேசாக வந்தது. செல்வம் வண்டிக்கு ஓடி, ரோட்டோரத்தில் வாங்கிய ஒரு மஞ்சள் எக்ஸ்டென்ஷனைக் கொண்டு வந்தான். நான் எத்தனையோ தடவை கேலி செய்த சாமான் அது. என் போர்டையும் வயரையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதில் மிக்ஸரையும் ஒரே ஒரு ஸ்பீக்கரையும் மட்டும் கொடுத்தோம். பாட்டு வந்துவிட்டது. அது வருவதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா செல்வத்தின் எதிரில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்: "சொந்தத் தங்கச்சி பங்ஷனையே இப்படி நடத்தறீங்கன்னா, ஊரான் வீட்டு பங்ஷனை என்ன லட்சணத்துல நடத்துவீங்க?"

வீடியோ

எல்லோரும் பந்தியில் இருந்தபோது, போனை அவிழ்த்து, ஓரமாகக் கிடந்த போர்டையும் வயரையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் டெம்போவில் போய் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். செல்வத்தின் கை மிக்ஸரை விட்டு நகரவே இல்லை. நான் போன பிறகு இரண்டு பாட்டு ஓடியது. பிறகு ஒவ்வொரு அடிக்கும் போர்டின் சிவப்பு லைட் மினுக் மினுக் என்று இறங்கி ஏறியது. வயரும் போர்டும் சேரும் இடத்தில், என் டேப்புக்குள்ளிருந்து, நூல் மாதிரி ஒரு புகை. அதன் பிறகு சிவப்பு லைட் அணைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு மனுஷன் இல்லை.

சித்தப்பாவின் சத்தம் கேட்டது: "லைன் பாக்கற ஆள் எங்க?" செல்வம் சொல்கிறான்: "அவன் இப்பதான் சாப்பிடப் போனான் மாமா. அவன் போட்ட லைன்ல தப்பு வராது. நான்தான் சவுண்டை ரொம்பக் கூட்டிட்டேன், தப்பு என்னுதுதான்." தங்கச்சியின் புது மாமனார் வீட்டார் முன்னால், பட்டு வேட்டியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்று அதைச் சொல்கிறான். பிறகு நான் ஓடி வருவது தெரிந்தது. வந்தவன் முதலில் போர்டைப் பார்க்கவில்லை. செல்வத்தின் கையைத்தான் பார்த்தேன். வீடியோவில் அது நன்றாகத் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நிறுத்திவிட்டு, கத்தியை எடுத்து டேப்பை அறுத்தேன். பத்துச் சுற்று என்று சொன்னேன்; முப்பதாவது இருந்திருக்கும். உள்ளே சாக்கெட்டின் பிடி தளர்ந்து, பிளக்கின் கால்கள் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டிப்போயிருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பிடி தளர்ந்தால் சூடாகும், சூடேற ஒரு மணி நேரம் ஆகும், ஆறினாலோ தட்டி அசைத்தாலோ மறுபடியும் வேலை செய்யும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் சாப்பிடப் போவேன். யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று நான் சுற்றிய டேப், உள்ளே கருகுவதை என்னையும் பார்க்க விடவில்லை.

செல்வம் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. உருகின பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான்தாம்ல இதை மூடி வச்சேன். ஒன்னைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன். தாணே விஷயம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "போய்ப் பாத்தேன். அங்க ஒரு போர்டுலயும் டேப்பே இல்ல, எல்லாம் தொறந்து கெடக்கு. எனக்குப் பயமாப் போச்சு, வரலைன்னுட்டேன்" என்றான். என் டேப்பை நம்பித்தான் அவன் நல்ல வேலையை வேண்டாம் என்றிருக்கிறான். பிறகு டெம்போவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என் கையில் இருந்த பழைய போனைப் பார்த்தான்: "துணிக்குப் பின்னாலேருந்து போன் லைட்டு மினுங்குனப்பவே பாத்துட்டேன்லே. வீடியோல நான் நல்லா விழுந்துருக்கேனா?"

இப்போதெல்லாம் நான் எந்த பிளக்கிலும் டேப் சுற்றுவதில்லை, அரை மணிக்கு ஒரு தடவை சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடுகிறேன். ஆனால் கேமரா ஓடுவது தெரிந்துதான் செல்வம் அன்றைக்கு அத்தனை நல்லவிதமாகப் பேசினானா என்பதை மட்டும், அவனிடம் கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல், இன்னும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.